கட்டை வைத்து, கட்டை எடுக்கும் வரை

சென்னை உள்நாட்டு விமான முனையத்தில், மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஒன்றின் தரைப் பணியாளராக 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேர்ந்து, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலகினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் எழுதப்போகும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது ஒரு காரணம். அங்கே இன்னும் வேலை செய்யும் என் தோழிகள் இன்னொரு காரணம்.

முதல் மாதம் கைக்கு வந்த சம்பளம் 18,000 ரூபாய். அதிகாலை முறை என்றால், பம்மலில் எங்கள் தெருமுனைக்கு இரவு ஒன்றே முக்கால் மணிக்கு வண்டி வரும். அக்கம்பக்கத்தார் எழுந்துவிடக் கூடாது என்று ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் முன்விளக்கை மட்டும் இரண்டு முறை அணைத்துப் போடுவார். நாய்கள் குரைக்கத் தொடங்குவதற்குள் நான் ஏறிவிட வேண்டும். சேலையைக் கட்டிப் பழகியிருந்த எனக்கு, அந்த நேரத்தில் பாவாடைச் சீருடையும் குதிகால் உயர்ந்த செருப்புமாகத் தெருவில் நிற்பது பழகவே ஓராண்டு ஆயிற்று.

பயிற்சி வகுப்பில் முதலில் சொன்ன கதை அமெரிக்காவில் நடந்தது. டெக்ஸாஸில் 1971ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம், பணமுடையால் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை மறு ஆண்டே விற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையைக் கைவிட மனமில்லாமல், தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடியும் கிளப்பி, மூன்றை வைத்துக்கொண்டே அவ்வளவு நடைகளையும் ஓட்டினார்கள். உலகமெங்கும் உள்ள மலிவுக் கட்டண நிறுவனங்கள் வேதம்போல ஓதுவது இந்தக் கதையைத்தான். நின்றுகொண்டிருக்கும் விமானம் குத்தகைப் பணத்தைத் தின்னுமே தவிர, ஒரு பைசா ஈட்டாது. ஆகவே டிக்கெட் மலிவாக இருப்பதற்குச் சாப்பாடு தராததைவிட, விமானத்தைத் தரையில் நிற்க விடாததுதான் பெரிய காரணம்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்டது பத்து நிமிடம் அல்ல, ஏறக்குறைய அரை மணி நேரம். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். புறப்படும்போது அதை எடுப்பார்கள். எங்கள் பேச்சில் அது 'சாக்ஸ் ஆன்', 'சாக்ஸ் ஆஃப்'. நான் வீட்டில் தொலைபேசியில் இதையே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்ட அம்மா, விமான நிறுவனத்தில் காலுறைக்கு இவ்வளவு கண்டிப்பா என்று ஒருநாள் கேட்டார். அந்த இரண்டு கட்டைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் 180 பேர் இறங்கி, அவர்களின் பெட்டிகள் இறங்கி, எரிபொருள் ஏறி, விமானப் பணிப்பெண்களே கையுறை மாட்டி இருக்கைகளுக்கிடையே கிடக்கும் குப்பையைப் பொறுக்கி, அடுத்த 180 பேரும் அவர்களின் பெட்டிகளும் ஏறி, எடைக் கணக்குத் தாளில் விமானி கையெழுத்திட்டுக் கதவு சாத்தப்பட வேண்டும். அதில் நான்கு நிமிடம் பிசகினாலும், அந்த நான்கு நிமிடம் யாருடையது என்ற கேள்வி எழும். உலகளவில் விமானத் தாமதங்களுக்கெல்லாம் எண் உண்டு: ஏற வேண்டிய பயணியைக் காணவில்லை என்றால் 15, வர வேண்டிய விமானமே தாமதமாக வந்தால் 93. எந்த எண் போடுவது என்பதில் துறைக்குத் துறை நடக்கும் சண்டை பங்காளிச் சண்டைக்குக் குறைந்ததன்று. 93 விழுந்தால் எங்கள் நிலையத்துக்கு நிம்மதி. பழி முந்தைய ஊருக்குப் போய்விடும்.

அந்த நிம்மதி பயணியின் முன் நிற்கும்போது உதவாது. ஜனவரி மாதத்தில் தில்லியில் விடிகாலைப் பனிமூட்டத்தால் ஒரு விமானம் மூன்று மணி நேரம் கிளம்பாமல் நின்றால், அதே விமானம் அன்று ஐந்தாறு ஊர்களுக்குப் போகவேண்டியிருப்பதால், மாலையில் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குப் போகிறவரும் காத்திருக்க நேரும். "வெயில் இப்படிக் காயுது, பனியாம் பனி, யாருகிட்ட கதை விடுறீங்க?" என்று கண்ணாடிக்கு வெளியே கைநீட்டிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கேட்டதில் தவறில்லை. மாற்று விமானம் ஒன்றை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தால் அவர்கள் நேரத்துக்குப் போயிருப்பார்கள். ஆனால் அப்படி நிறுத்தி வைத்தால் அந்த விலைக்கு டிக்கெட் கொடுக்க முடியாது. இதை அவர்களிடம் சொல்ல எங்களுக்கு அனுமதியும் இல்லை. தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் சிற்றுண்டிப் பொட்டலத்தை நீட்டினேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் என் மேசை மீதே வீசினார்.

எடை மேடைதான் இன்னும் கனவில் வருகிறது. பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. கூடுதல் எடைக்கு, 20 கிலோ வரை, கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016ஆம் ஆண்டு வரம்பு கட்டியது. நிறுவனங்கள் வழக்காடி, மறு ஆண்டே தில்லி உயர் நீதிமன்றத்தில் அதை நீக்கிவிட்டன. அதன்பின் எங்கள் ஓய்வறைப் பலகையில், அந்த வாரம் யார் எவ்வளவு கூடுதல் எடைப் பணம் வசூலித்தோம் என்று பெயரோடு எழுதத் தொடங்கினார்கள். மகளின் பிரசவத்துக்காகத் தில்லிக்குக் கிளம்பிய தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவரின் பெட்டி 21 கிலோ காட்டியது. "ஆறு கிலோவுக்கு ப்ளேனு விழுந்துடுமா, பாப்பா?" என்றார். விழாது என்று எனக்கும் தெரியும். வரிசையை அடுத்த மேசைக்குத் திருப்பிவிட்டு, தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தோம். பிரசவ லேகியம், பூண்டு ஊறுகாய், பழைய வேட்டித் துணிகள், மாப்பிள்ளைச் சம்பா அரிசி மூன்று கிலோ, எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றிய உரைகல். குழந்தைக்கு மருந்து உரைக்கும் கல்லைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். ஊறுகாயையும் விட மாட்டார்கள். எனவே கல்லும் ஊறுகாயும் பெட்டியிலேயே இருக்க, துணிகள் கைப்பைக்கு மாறின. அரிசி வாசலில் நின்ற தம்பி மகனிடம் திரும்பிப் போயிற்று. கடைசியில் பெட்டி 15.6 காட்டியபோது நான் 15 என்று தட்டினேன். அந்த வாரப் பலகையில் என் பெயர் கடைசியில் இருந்தது.

இதைச் சொன்னால் நான் நல்லவள் என்பதுபோல் ஆகிவிடும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை கொல்கத்தா விமானத்தில் ஒருவர் மட்டும் ஏறவில்லை. பெட்டி உள்ளே இருக்கிறது, ஆளைக் காணவில்லை என்றால், பெட்டியை இறக்காமல் விமானம் நகரக் கூடாது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே மீனம்பாக்கத்தில், பெட்டியை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறாமல் போன ஒருவரின் பெட்டி வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் அப்படிப்பட்ட ஒரு பெட்டியால் 329 பேர் இறந்தார்கள். ஆகவே விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மும்முறை அழைத்தோம். சுமை ஏற்றும் தம்பிகள் விமானத்தின் வயிற்றுக்குள் தவழ்ந்து, அடுக்கிய பெட்டிகளை மீண்டும் வெளியே இழுத்து, சீட்டின் கடைசி எண்களைக் கத்திக் கத்திச் சரிபார்த்து, பதினோராவது நிமிடத்தில் ஒரு நீலப் பையைக் கண்டெடுத்தார்கள். விமானம் போன பிறகு அந்தப் பயணி வந்தார். முர்ஷிதாபாத்துக்காரர், கட்டட வேலைக்கு வந்தவர், முதல் விமானப் பயணம். வாயில் எண் மாறியது தெரியாமல் பழைய வாயிலிலேயே, நாங்கள் அழைத்ததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்கு வங்காள மொழி மட்டுமே நன்றாகத் தெரியும்.

டிக்கெட் பணம் போயிற்று. வரிகள் மட்டும் திரும்பக் கிடைக்கும், அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். மறுநாள் டிக்கெட்டின் விலையைச் சொன்னதும் அவர் எதுவும் பேசவில்லை. எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்கினால் சென்ட்ரல் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். திரும்பி வந்து அன்றைய அறிக்கையில் 15 என்று பதிந்தேன். எங்கள் கணக்கில் அது பயணியின் தவறு.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டு விமானங்கள் ஓடவே இல்லை. நாங்கள் வரிசையாகச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டோம். மீண்டும் தொடங்கியபோது நடு இருக்கைக்காரர்களுக்கு மேலங்கி கொடுத்து ஏற்றினோம். அரை மணி நேரக் கணக்கு மட்டும் சில வாரங்களில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது, சம்பளம் திரும்பவில்லை.

விலகிய நாளில் சீருடைகளையும் விமான நிலைய நுழைவு அட்டையையும் ஒப்படைத்தேன். பணப்பிரிவில் இன்னும் ஒரு கையெழுத்து இருப்பது வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆறரை ஆண்டுகளாக நான் ஓடி நுழைந்த வாசலுக்கே திரும்பிப் போனேன். ஒவ்வொரு விடியலிலும் எனக்கு வணக்கம் சொன்ன காவலர்தான் அன்றும் நின்றிருந்தார். என் கழுத்தில் அட்டை இல்லாததை அவர் பார்த்தார், சற்றுத் தயங்கினார், பிறகு எல்லோரையும் கேட்பதுபோலவே டிக்கெட்டைக் கேட்டார்.