ஒரு கெல்டிக் கற்பனை நாட்டை மூன்று முறை வரைந்த கதை

முதல் வரைபடத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். ஒரு ஏ3 தாள், பென்சில், ஃபிளாஸ்க் நிறைய டீ. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேடமேற்பு ஆட்டம் ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், தாயக்கட்டை, கதை. அந்த முறை ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஆடுவதற்கு ஒரு நாடு வேண்டும். கெல்டிக் சாயலில், அதாவது அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பழைய மக்களின் சாயலில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பனிமூட்டம், பச்சை மலை, நட்டுவைத்த கற்கள், நட்டநடுவே வெள்ளைக் கல்லில் கட்டிய தலைநகரம், அதற்குள் ஒரு மாமன்னர். ஊர்ப் பெயர்களுக்கு நடுவில் ஆங்காங்கே ஒரு மேற்கோள் குறியைச் செருகிவிட்டால் கெல்டிக் ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

தாளை விரித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் அரிசி மண்டி வைத்திருப்பவர். தலைநகரத்தின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இந்த ஊர்ல எத்தனை பேர்?"

"ஒரு லட்சம் இருக்கும்ணே."

"சுத்தி மலையும் சதுப்புமா போட்டிருக்க. சோறு எங்கிருந்து வருது?"

நான் ஆற்றைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு இன்னொருவன் சிரித்தான். என் ஆறு நாட்டின் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மேற்குக் கடலிலும் மறு கிளை கிழக்குக் கடலிலும் விழுந்தது. "அப்படின்னா இது ஒரு நாடு இல்லடா, ரெண்டு தீவு" என்றான்.

அந்தத் தப்புக்கு என்னிடம் ஒரு சாக்கு உண்டு. நான் காவிரிக் கரையில் வளர்ந்தவன். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும் அதற்குக் கீழே ஆறு கிளை கிளையாகப் போவதையும் பார்த்த கண்ணுக்கு, ஆறு என்றால் பிரிவதுதான். ஆனால் அது டெல்டாவின் குணம். மற்ற இடங்களில் ஆறுகள் சேரும், பிரிவது அபூர்வம். அயர்லாந்து, வேல்ஸ் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் வேறு மிகப் பெரியது. செவெர்ன் ஆறு கடலில் சேரும் இடத்தில் நீர்மட்டம் சில நாட்களில் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஆகவே அங்கே ஆற்றின் கடைசிப் பகுதி அகன்ற கழிமுகமாகத்தான் இருக்கும். ஊரும் அந்தக் கழிமுகத்தில்தான் உட்காரும்.

இரண்டாவது முறை தண்ணீரிலிருந்து தொடங்கினேன். மாதிரிக்கு அயர்லாந்தை எடுத்துக்கொண்டேன். அந்தத் தீவு ஒரு சாப்பாட்டுத் தட்டு மாதிரி: விளிம்பில் மலைகள், நடுவில் தாழ்ந்த சமவெளி. காற்று அட்லாண்டிக்கிலிருந்து வருவதால் மேற்கின் சில பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 225 நாள் மழை, கிழக்கில் 150 நாள் வாக்கில். என் நாட்டுக்கு மோர்வெந்த் என்று பெயர் வைத்தேன். பரப்பு 42,000 சதுர கி.மீ., அயர்லாந்துத் தீவில் பாதி. மேற்கே மாடு மேயும் ஈரப் புல்வெளி, கிழக்கே பார்லியும் ஓட்ஸும், நடுவில் வடிய வழியில்லாத தண்ணீர் தேங்கித் தேங்கி உருவான பீட் சதுப்பு (முழுதாக மட்காத செடிகள் படிந்த சேறு). மழை எங்கே பெய்கிறது என்று முடிவானதும் பாதி நாடு தானாகவே நிரம்பிவிட்டது. சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது: பெரும்பாலும் பாலிலிருந்து.

அப்புறம் அரசாங்கம். என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான்.

பழைய அயர்லாந்தில் ஒரு மாமன்னர் உட்கார்ந்து நாடு முழுவதையும் ஆண்டார் என்பது பிற்காலத்தில் ஊதிப் பெருக்கிய கதை. அடிப்படை அலகு 'தூஅத்' என்ற குட்டி ராஜ்யம். ஏறத்தாழ 150 இருந்தன என்பது வழக்கமான கணக்கு. 84,000 சதுர கி.மீட்டரை 150-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு 560. அதாவது பக்கத்துக்கு 24 கி.மீ. உள்ள ஒரு சதுரம். காலையில் கஞ்சி குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் அடுத்த ராஜாவின் எல்லை. அந்த வகுத்தலைப் போட்ட அன்றே என் மாமன்னரை ரப்பரால் அழித்தேன். அவர் இடத்தில் 75 சின்ன ராஜாக்கள் வந்தார்கள். அவர்களில் சிலருக்கு மேல் ஒரு பெரிய ராஜா, அவர்களுக்கும் மேல் இன்னும் பெரிய ராஜா. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கப்பமும் படையும் கேட்கலாம். அவருடைய குடிகளை நேராக ஆள முடியாது.

ராஜாவின் அன்றாடம் எப்படி இருக்கும்? கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட ஓர் ஐரிஷ் சட்டநூல் கிழமை வாரியாகவே சொல்கிறது. ஞாயிறு பீர் குடிக்க, திங்கள் வழக்குத் தீர்க்க, செவ்வாய் பலகை ஆட்டம், புதன் வேட்டைநாய்கள் ஓடுவதைப் பார்க்க, வியாழன் மனைவியோடு, வெள்ளி குதிரைப் பந்தயம், சனி மறுபடியும் வழக்கு. இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் மேசையில் ஐந்து பேருக்குமே ராஜாவாக ஆசை வந்தது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: ராஜா மண்வெட்டியையோ கோடரியையோ கையில் எடுத்து வேலை செய்தால், அந்த நேரத்துக்கு அவருடைய மதிப்பு சாதாரணக் குடியானவனின் மதிப்பாக இறங்கிவிடும்.

மதிப்பு என்று நான் எழுதியதற்கு அவர்கள் வைத்த பெயர் 'முகத்தின் விலை'. ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு விலை. அவரை அவமதித்தால் அதைக் கட்ட வேண்டும். சின்ன ராஜாவின் முகம் ஏழு 'குமல்'. ஒரு குமலுக்கு மூன்று கறவைப் பசு என்று கணக்கிட்டால் 21 பசு. குமல் என்ற சொல்லின் மூலப்பொருள் அடிமைப்பெண். அதை விளையாட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, பசுவோடு நிறுத்திக்கொண்டேன். நாணயமும் வைக்கவில்லை. அயர்லாந்திலேயே நாணயம் அடிக்கத் தொடங்கியது 10-ம் நூற்றாண்டின் கடைசியில், அதுவும் வடக்கிலிருந்து கடல்வழி வந்து டப்ளினில் குடியேறிய வைக்கிங்குகளின் (நார்ஸ்) ராஜா ஒருவர் அடித்தது. 'தங்கம் எவ்வளவு கிடைச்சுது' என்று கேட்டுப் பழகிய நண்பர்கள் 'எத்தனை மாடு' என்று கேட்க இரண்டு ஞாயிறு பிடித்தது. மாடு கிடைத்தால் அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது புரிய மூன்றாவது ஞாயிறு.

வாரிசு விஷயத்தில் மூத்த மகனுக்குப் பட்டம் என்ற பேச்சே கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழி வந்த எல்லோருக்கும் உரிமை உண்டு. அவர்களுக்குள் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னாளில், ராஜா இருக்கும்போதே அடுத்தவரைக் குறித்துவைக்கும் வழக்கம் வந்தது. அப்படிக் குறிக்கப்பட்டவருக்கு 'தானிஷ்ட' என்று பெயர். இன்று அயர்லாந்தின் துணைப் பிரதமருக்கு அதுதான் பதவிப் பெயர். சண்டைக்கு இதைவிட நல்ல விதை எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது. போதாக்குறைக்கு, ராஜாவின் உடலில் குறை இருக்கக் கூடாது. தேனீ கொட்டி ஒரு கண் போனதால் தாரா என்ற அரச மலையின் அரசுரிமையை இழந்த கொங்கல் கேக் என்ற ராஜாவைப் பற்றித் தேனீக்களுக்கென்றே எழுதிய சட்டநூல் பேசுகிறது. மோர்வெந்தில் நடந்த முதல் அரசியல் சதி ஒரு தேன்கூட்டை வைத்துத்தான் நடந்தது.

எல்லாம் ராஜாவாகவே இருந்தால் சலித்துவிடும் என்று தெற்குக் கழிமுகப் பகுதிக்கு வேறு ஏற்பாடு தேடினேன். கி.மு. 278-ல் ஒரு கெல்ட் கூட்டம் இன்றைய துருக்கிக்குள் புகுந்து குடியேறியது, கலாத்தியர்கள் என்பார்கள். மூன்று குலம், குலத்துக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு ஒரு தலைவர், ஆக 12 பேர். அவர்களோடு 300 பேர் கொண்ட சபை, கூடும் இடம் துருநெமெதோன். கொலை வழக்கு மட்டும் சபைக்கு, மற்றதெல்லாம் தலைவர்களுக்கும் நீதிபதிகளுக்கும் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். இதை அப்படியே தூக்கி வைத்தேன். காலிய நாட்டின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஏதுயி என்ற கெல்ட் குலத்திலிருந்து இன்னொரு பதவியும் எடுத்தேன்: ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர், உயிரெடுக்கும் அதிகாரம்வரை உள்ளவர், ஆனால் பதவிக்காலம் முடியும்வரை நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஆட்டத்தில் அந்தப் பதவிக்கு வந்தவர் அரிசி மண்டி அண்ணன். மற்ற நால்வரும் எல்லை தாண்டிப் போய்விட, பாவம், ஒரு முழு ஞாயிறு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பதவியை நான் வைத்தது தப்போ என்று இன்னமும் தோன்றுகிறது.

எல்லை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் வந்தது. சாதாரண ஆள் தன் தூஅத்தை விட்டு வெளியே போனால் அவனுக்குச் சட்டத்தில் நிலை இல்லை. அடித்தாலும் கேட்க நாதியில்லை. புலவர்கள் போன்ற சிலர் மட்டும் எங்கும் போகலாம், எங்கும் அவர்களுக்கு மரியாதை. எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் வீரர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் எல்லையிலேயே மாட்டிக்கொண்டு, ஒருவன் கத்தியைப் போட்டுவிட்டுப் புலவனாக மாற வேண்டியதாயிற்று.

சரி, நகரங்கள். இரண்டாவது வரைபடத்தில் பதினொரு நகரம் இருந்தது. மூன்றாவதில் மூன்று. வைக்கிங்குகள் வருவதற்கு முன் அயர்லாந்தில் நாம் நகரம் என்று சொல்லும் அளவில் ஊர்கள் இல்லை. மக்கள் வட்டமான மண்கரை போட்ட தனித்தனி வீடுகளில் சிதறி வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட கரைகளில் 40,000-க்கு மேல் இன்றும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மடங்களைச் சுற்றித்தான் கூட்டம் கூடியது. அதில் கிளான்மெக்நாய்ஸ் மடம் எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி. ஷானன் ஆறு வடக்குத் தெற்காக ஓடுகிறது. பனியாறுகள் விட்டுப்போன சரளை மேடு ஒன்று சதுப்புக்கு நடுவே கிழக்கு மேற்காகப் போகிறது. மழைக்காலத்திலும் கால் நனையாமல் நடக்க அதுதான் வழி. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் 6-ம் நூற்றாண்டில் மடம் எழுந்தது. என் முதல் நகரமும் அப்படி ஒரு குறுக்குச் சந்தியில், மடத்துக்குப் பதில் ஒரு புனிதத் தோப்போடு.

இரண்டாவது, அந்நியர் கட்டிய துறைமுகம். டப்ளின் 841-ல் வைக்கிங்குகளின் படகுக் கோட்டையாகத் தொடங்கியது. அதற்கு இரண்டு பெயர்: டப்ளின் என்றால் கருங்குட்டை, ஐரிஷில் இன்றும் வழங்கும் பெயருக்குப் பொருள் தட்டிபோட்ட ஆற்றுத்துறையின் ஊர். என் துறைமுகத்துக்கும் வந்தவர்கள் ஒரு பெயர், இருந்தவர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். யார் எதைச் சொல்கிறார் என்பதிலேயே கட்சி தெரிந்துவிடும். மூன்றாவது, கைவிடப்பட்ட மலை நகரம். பிரான்சில் 821 மீட்டர் உயர மலைமேல் இருந்த பிப்ராக்தேயை விட்டு மக்கள் கீழே ரோமானியர் அமைத்த ஒத்தூனுக்கு இறங்கிப் போனார்கள். என் மலை நகரத்தில் இப்போது ஆடு மேய்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை சந்தை கூடுகிறது.

பெயர் வைப்பதற்குத்தான் எதிர்பாராத உதவி கிடைத்தது. கழிமுகத்துக்கு வேல்ஸ் மொழியில் அபெர், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இன்வெர். ஸ்காட்லாந்தில் இரண்டும் இருக்கின்றன: அபெர்டீன், இன்வெர்னெஸ். தெற்கே அபெர், வடக்கே இன்வெர் என்று பிரித்தேன். ஊர்ப் பெயரைக் கேட்டாலே எந்தப் பக்கம் என்று தெரியும். பழைய ஐரிஷ் எழுத்துமுறையைப் பார்த்து முதலில் மிரண்டேன். சொல்லின் நடுவில் வல்லின எழுத்தைப் போட்டுவிட்டு மென்மையாக உச்சரிப்பார்கள். 'ஃபோட்ட' என்று எழுதியிருக்கும், 'ஃபோட' என்று வாசிக்க வேண்டும். அப்புறம்தான் உறைத்தது, 'தகடு' என்று எழுதி நாமும் அதையேதான் செய்கிறோம். தமிழில் பெயர்களை எழுதியபோது மேற்கோள் குறி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இப்போது ஆட்டம் சதுப்பு ஓரத்தில் நிற்கிறது. மறுகரையில் இருக்கும் ராஜா எங்கள் ஆட்களுக்கு ஒன்பது மாடு தர வேண்டிய பாக்கி. அவர் வாசலில் பட்டினி கிடக்கப் போகிறார்கள். ஐரிஷ் சட்டம் பெரிய மனிதர்களிடம் கடன் கேட்க வைத்திருந்த வழி அது. 19-ம் நூற்றாண்டிலேயே நம் ஊர்த் தர்ணாவோடு அதை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேரச் சதுப்பின் குறுக்கே ஓக் பலகைச் சாலை ஒன்று போட்டுவைத்திருக்கிறேன். அயர்லாந்தின் கோர்லியாவில் தோண்டியெடுத்த நிஜச் சாலையின் மரங்கள் கி.மு. 148-ல் வெட்டப்பட்டவை, தன் பாரம் தாங்காமல் சுமார் பத்தே ஆண்டுகளில் அது சேற்றில் மூழ்கிவிட்டது. திரும்பி வரும்போது மாடுகளையும் அதே சாலையில் ஓட்டி வரலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். மோர்வெந்தின் சாலைக்கு இது ஒன்பதாவது வருடம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.