பணத்தை வைத்துப் போட்ட கார்பன் கணக்கை எடைக்கு மாற்றினோம்

எங்கள் நிறுவனத்தின் கார்பன் உமிழ்வைக் கணக்கிடும் வேலை என்னிடம் வந்தபோது பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடுவதற்கான ஜிஎச்ஜி புரோட்டோகால் வழிகாட்டியும் ஒரு எக்செல் தாளும்தான் கையில் இருந்தன. அது உமிழ்வை மூன்று ஸ்கோப்களாக, அதாவது பிரிவுகளாக, பிரிக்கிறது. ஸ்கோப் 1 நாமே எரிப்பதும் கசியவிடுவதும், ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரம், ஸ்கோப் 3 வாங்கும் பொருள்கள் உட்பட மற்ற எல்லாம், அதற்குள் 15 வகைகள்.

டீசல் ஒரே நாளில் முடிந்தது. லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஜெனரேட்டர் பதிவேட்டில் லிட்டர் இருக்கிறது, பெருக்கினால் சரி. ஏசியைத்தான் நான் மறந்தே போயிருந்தேன். பராமரிப்பு பில்களைப் புரட்டியபோது அந்த ஆண்டில் 10 கிலோ ஆர்-410ஏ வாயு நிரப்பியிருந்தது தெரிந்தது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை, அப்படியென்றால் நிரப்பிய அளவு கசிந்திருக்கிறது என்றுதான் பொருள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் நான்காவது அறிக்கைப்படி அதன் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 2,088 மடங்கு, ஆக அந்தப் 10 கிலோவே கிட்டத்தட்ட 21 டன். ஏறக்குறைய 7,800 லிட்டர் டீசலுக்குச் சமம், எங்கள் ஜெனரேட்டர் ஆண்டு முழுக்கக் குடித்ததைவிட அதிகம்! கணக்குப் போடுகிறவர்கள் தயவுசெய்து ஏசி பில்லை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்துக்கு இரண்டு எண்கள் தர வேண்டும். ஒன்று மின்கட்டமைப்பின் சராசரி உமிழ்வை வைத்து, இன்னொன்று நாம் போட்ட ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் வைத்து. 2015 முதல் இதுதான் முறை.

ஸ்கோப் 3-க்கு வந்தபோது எளிய வழியைப் பிடித்தேன். பொருளுக்குக் கொடுத்த பணத்தை அந்தத் துறையின் சராசரி உமிழ்வுக் காரணியால், அதாவது ஒரு ரூபாய்க்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணால், பெருக்குவது. கணக்குப் பிரிவிடம் எல்லாத் தொகையும் இருந்ததால் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டேன், திருப்தியாகவும் இருந்தது. மறு ஆண்டு வாங்கும் பிரிவு விலை கூடுதல் என்று தெரிந்தும் மறுசுழற்சி அலுமினியத்துக்கு மாறியது. தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் அதற்குச் சுமார் 5 சதவீத ஆற்றல்தான் வேண்டும். ஆனால் என் தாளில் உமிழ்வு ஏறியிருந்தது. கூடுதல் பணம் கொடுத்தோம், அதனால் கூடுதல் உமிழ்வு, அவ்வளவுதான் அந்த முறைக்குத் தெரியும். விலைவாசி ஏறினாலும் இதே கதைதான். நல்லது செய்தவர்களிடம் போய் உமிழ்வு கூடிவிட்டது என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

அப்புறம்தான் பணத்துக்குப் பதில் கிலோவுக்கு எவ்வளவு உமிழ்வு என்று கணக்கிடப் பொருளின் எடையைத் தேட ஆரம்பித்தேன். தேட வேண்டியதே இல்லை, ஒவ்வொரு பில்லிலும் தொகைக்குப் பக்கத்திலேயே கிலோ அச்சாகியிருந்தது, நாங்கள்தான் கணினியில் ஏற்றவில்லை. அலுமினியம், இரும்பு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நான்கை மட்டும் எடைக்கு மாற்றினோம், ஏனென்றால் கொள்முதலில் பெரும்பங்கு அவைதான். அதற்கே இரண்டு மாதம் ஓடிவிட்டது. முறை மாறியதால் ஒப்பிடுவதற்கு வைத்திருந்த முதல் ஆண்டையும், அதாவது அடிப்படை ஆண்டையும், அதே முறையில் திரும்பப் போட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிடவே முடியாது. இந்த முறை அலுமினியத்தின் உமிழ்வு இறங்கியது, வாங்கும் பிரிவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சட்ட ஆலோசனை, விளம்பரம் போன்ற சேவைகளை இன்னும் பணக்கணக்கிலேயே வைத்திருக்கிறேன், அவற்றை எடை போட முடியாதே. எந்த வரி எந்த முறையில் வந்தது என்று தாளில் பக்கத்திலேயே ஒரு நெடுவரிசை சேர்த்து எழுதி வைத்தாயிற்று. அடுத்து அலுமினியம் தருபவரிடமே அவருடைய உருக்காலையின் உண்மையான எண்ணைக் கேட்டிருக்கிறேன்.