குளிரும் கை கால் நீளமும்

கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கு அகன்ற உடல், குட்டையான கை கால்கள். புறப்பரப்பு குறைந்தால் உடல் சூடும் குறைவாகவே வெளியேறும். விலங்குகளை வைத்து அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் இதை 1877-லேயே சொல்லிவிட்டார். ஆனால் எல்லாம் பரம்பரை என்று முடித்துவிட முடியாது. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், குளிரில் வளர்ந்த சுண்டெலிகளுக்குக் காது, கால், வால் எல்லாமே குட்டை! எலும்பு நுனியின் குருத்தெலும்பு குளிர்ந்தால் அதன் வளர்ச்சி மந்தமாகிறது. ஏசி அறையில் தூங்கும் பிள்ளை குள்ளமாகிவிடும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த எலிகள் வளர்ந்தது 7 டிகிரியில்.

எனக்குக் கவலை உயரம் பற்றியல்ல. குளிர்காலத்தில் சூரியனே எட்டிப்பார்க்காத வட கிரீன்லாந்தில் மீனும் கடல் விலங்கு இறைச்சியும்தான் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி கொடுத்துவந்தன. கடைச் சாப்பாட்டுக்கு மாறியவர்களிடம் இப்போது அது குறைகிறது.