ஆச்சி முடிந்துவைத்த காசுகள்

ஆச்சியின் தலைத்திவசம் முடியும்வரை மலைக்குப் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஓராண்டு காத்திருந்து, இந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் செங்கோட்டையிலிருந்து அச்சன்கோவிலுக்குப் பஸ் ஏறினோம். அம்மாவின் பையில் எலுமிச்சம்பழச் சோறு, ஒரு துண்டு, அதற்கடியில் ஆச்சியின் மஞ்சள் துணி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அரிசிப் பானைக்குள்ளிருந்து அம்மா எடுத்தது அது. துணி முழுக்க முடிச்சுகள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது.

எங்கள் வீட்டில் காய்ச்சலோ, பிரசவமோ, பரீட்சையோ, எது வந்தாலும் ஆச்சி "அச்சன்கோவில் அரசே" என்று ஒரு காசை எடுத்து முடிந்துவைப்பாள். காரியம் கைகூடியதும் மலைக்குப் போய் உண்டியலில் சேர்த்துவிடுவாள். தாத்தாவை வயலில் பாம்பு தீண்டியபோது, அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்துதான் காசு முடிந்தாளாம். அங்கே சாஸ்தாவின் கையில் இருக்கும் சந்தனம் விஷக்கடிக்கு மருந்து என்பது மலைக்கு இரண்டு பக்கமும் உள்ள நம்பிக்கை. கடிபட்டவர் வந்தால் நடுச்சாமத்திலும் நடை திறப்பார்கள் என்று சொல்வார்கள். தாத்தா பிழைத்து வந்ததும் அவரையே கூட்டிப் போய், அந்தச் சந்தனத்தை வாங்கிக் காலில் பூசிவிட்டாள்.

கடைசி ஆறேழு வருஷம் முழங்கால் விடவில்லை. போகவும் முடியவில்லை, காசு முடிந்துவைக்காமலும் இருக்க முடியவில்லை. அப்படிச் சேர்ந்தவைதான் இந்த ஒன்பதில் பெரும்பாலானவை.

அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார்கள். இது என் கல்லூரிச் சேர்க்கைக்கு, இது சித்தி மகளின் பிரசவத்துக்கு. நாலணா ஒன்று இருந்தது. 2011-லேயே செல்லாமல் போன காசு. வெளிநாடு போன மாமா நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று முடிந்தது. மாமா வந்து சேர்ந்தது ஆச்சியின் காரியத்துக்குத்தான்.

கடைசி முடிச்சைப் பிரித்தால் கறுத்துப்போன ஒரு செப்புக் காசு. திருவிதாங்கூர்ச் சக்கரம். அது ஆச்சியின் அம்மா முடிந்தது என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும். எதற்காக என்று ஆச்சிக்கே தெரியாதாம். கேட்டது கிடைத்ததா என்று தெரியாமல் உண்டியலில் போடவும் மனமில்லை, பிரித்துவிடவும் மனமில்லை. பழைய துணி இற்றுப்போகும்போதெல்லாம் புதுத் துணிக்கு மாற்றி முடிந்திருக்கிறாள்.

ஆச்சிக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான், 1956 நவம்பர் 1 அன்று, செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது, சாமி அந்தப் பக்கம், கேரளத்தில் நின்றுவிட்டார். ஆச்சிக்கு அது ஒரு சங்கதியாகவே தெரிந்ததில்லை. வருஷா வருஷம் மார்கழியில் புனலூரிலிருந்து அச்சன்கோவில் அரசருடைய ஆபரணப் பெட்டி புறப்பட்டு, செங்கோட்டை, தென்காசி வழியாகச் சுற்றித்தானே மலைக்குப் போகிறது! இரண்டு மாநிலப் போலீசும் காவலுக்கு வருவார்கள். பெட்டி வரும் நாளில் விடியுமுன்னே வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டு, குத்துவிளக்கோடு நின்றுவிடுவாள். "நம்மால போக முடியலன்னா என்னட்டி, அவரே வாராருல்லா" என்பாள். இந்த வருஷம் அந்த இடத்தில் அம்மா நின்றாள். விளக்கை நான் பிடித்துக்கொண்டேன்.

பண்பொழி தாண்டி, திருமலை முருகனுக்குப் பஸ்ஸிலிருந்தே ஒரு கும்பிடு. மேக்கரை வந்ததும் காற்று மாறிவிடும். அப்புறம் வளைந்து வளைந்து ஏறி, கோட்டைவாசலில் கறுப்பசாமியை வணங்கி, காட்டுக்குள் இறங்கினால் அச்சன்கோவில். குளத்துப்புழையில் குழந்தையாகவும் ஆரியங்காவில் இளைஞனாகவும் இருக்கிற சாஸ்தா, இங்கே பூரணை புஷ்கலையோடு குடும்பஸ்தர். அதனால்தான் குடும்பக் கவலையை எல்லாம் ஆச்சி இவரிடமே கொண்டுவந்தாள் என்று நினைக்கிறேன்.

எட்டுக் காசையும் அம்மா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உண்டியலில் போட்டாள். சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எனக்கு அது போய்விடக் கூடாது என்றிருந்தது. ஆனால் அம்மா சன்னிதியைப் பார்த்து, "அவங்க அம்மைய அவங்க நேர்ல பாத்திருப்பாங்க, கேட்டிருப்பாங்க" என்று சொல்லி, அதையும் போட்டுவிட்டாள்.

பிறகு நீராஞ்சனம் என்கிற விளக்கு வழிபாட்டுக்குச் சீட்டு வாங்கப் போனோம். ஆச்சி வைத்திருந்த பழைய வழிபாட்டுச் சீட்டுகளை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பையன்கூட உண்டு. ஆச்சியின் பெயரில் ஒரு சீட்டுகூட இல்லை. அவள் நட்சத்திரம் என்னவென்று இன்றைக்கும் எங்களில் யாருக்கும் தெரியாது.

"பேரு? நாளு?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். நட்சத்திரத்தைத்தான் அங்கே நாள் என்பார்கள். அம்மா மளமளவென்று அப்பா, அண்ணன், நான், சித்தி வீட்டார் எல்லாருக்கும் சொன்னாள்.

"உங்க பேரு?"

"எனக்கு வேண்டாம், போதும்" என்று அம்மா பணத்தை நீட்டினாள்.

நான் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி அவள் பெயரைச் சொல்லி, "திருவாதிரை" என்றேன்.