தண்ணி நூறுல கொதிக்கல மிஸ்

ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு, இன்னைக்கு மழை, கரன்ட் இல்ல, போன்ல மட்டும் சார்ஜ் இருக்கு, சரி எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

நான் ஏற்காடு மலையில ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கறேன், வீடு சேலத்துல. காலையில அஸ்தம்பட்டில பஸ் ஏறினா கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, பாதி வழியில காது அடைக்கும், எச்சில் முழுங்கினா 'டப்'னு தொறக்கும். இந்தக் காது சமாச்சாரத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

எங்க ஸ்கூலுக்கு புரொஜெக்டர் வந்த புதுசுல நானும் எல்லாரும் பண்றதத்தான் பண்ணேன். ஜன்னல்ல பழைய சேலைய கட்டி இருட்டாக்கி, வெள்ளையடிச்ச சுவத்துல வீடியோ ஓட்டுவேன், பசங்க வாயத் தொறந்து பாப்பாங்க, முடிஞ்சதும் "புரிஞ்சுதா"ன்னு கேட்டா "புரிஞ்சுது மிஸ்"னு ஒரே கோரஸ். மறுநாள் கேட்டா ஒண்ணும் வராது. வீடியோல வந்த மாமாவோட மீசை மட்டும் நல்லா ஞாபகம் இருக்கும்.

அதுக்கும் முன்னாடி நெட்வொர்க் பாடு தனி. 2018ல புது பாடத்திட்டம் வந்ததுல இருந்தே புத்தகத்துல கியூஆர் கோடு இருக்கு, தீக்‌ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணா வீடியோ வரும். வரும், சேலத்துல வரும். எங்க வராண்டால நின்னு ஸ்கேன் பண்ணா வட்டம் சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும், மொதல் பெஞ்ச் பசங்க அது எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. லாக்டவுன் சமயத்துல பெரிய புள்ளைங்க டவர் கெடைக்கிற பாறையத் தேடிப் போயி உக்காந்து படிச்ச ஊரு இது, எனக்கு மட்டும் கிளாஸ்ரூம் வரைக்கும் டவர் வந்துடுமா என்ன.

அதனால எல்லாத்தையும் சேலத்து வீட்டுலயே எறக்கிடறது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் இதுக்குன்னே ஒதுக்கிடுவேன். வீடியோவ எறக்கி பென்டிரைவ்ல பாடம் நம்பர் போட்டு தமிழ்லயே பேர் வச்சிடுவேன், 'பாடம்1 வெப்பம்' அப்படின்னு, ஏன்னா நான் லீவுல இருந்தா பக்கத்து கிளாஸ் சாரும் கண்டுபிடிக்கணும்ல. கிவிக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, தமிழ் விக்கிப்பீடியாவையே நெட் இல்லாம படிக்கலாம், ஒரு தடவ எறக்கி வச்சா போதும். அப்புறம் ஃபெட் (PhET), அறிவியல் சோதனைய கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாக்கற சிமுலேஷன், நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002ல கொலராடோ யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது, ஃப்ரீ. வீடியோ மாதிரி சும்மா ஓடாது, நாமதான் அடுப்ப ஏத்தணும் எறக்கணும், மூலக்கூறு எல்லாம் குதிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு ஃபைலா எறங்கிடும், பிரவுசர்ல தொறந்தா நெட் இல்லாமயே ஓடும். நம்ம மாதிரி ஊருக்கு இத விட நல்லது ஒண்ணும் நான் பாக்கல.

சரி கதைக்கு வரேன். ஏழாம் வகுப்புக்கு வெப்பம் பாடம். வீடியோல தண்ணி கொதிக்குது, தெர்மாமீட்டர்ல 100 காட்டுது, குரல் கணீர்னு "தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ்"னு சொல்லுது. நான் சும்மா இல்லாம, அன்னைக்கு ஸ்பிரிட் ஸ்டவ்வும் இருந்துச்சு, செவப்புக் கோடு தெர்மாமீட்டரும் இருந்துச்சு, நாமளே கொதிக்க வச்சுப் பாத்துடலாம்னு சொல்லிட்டேன். தண்ணி தளதளன்னு கொதிக்குது, கோடு 95க்கும் 96க்கும் நடுவுல நின்னுடுச்சு. இன்னும் ஏறும்னு பாத்துட்டு நிக்கறோம், ஏறவே இல்ல.

"மிஸ், நூறு வரல."

சத்தியமா எனக்கே ஒரு நிமிஷம் தெர்மாமீட்டர் மேலதான் சந்தேகம். வேற ஒண்ண எடுத்து வச்சேன், அடியில படாம நூல்ல கட்டித் தொங்கவிட்டேன், அதுலயும் அதேதான். காலேஜ்ல படிச்சது அப்பத்தான் மண்டையில தட்டுச்சு. 100ங்கறது கடல் மட்டத்துக்குச் சொன்ன கணக்கு. நாம நிக்கறது கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஒசரத்துல. மேல போகப் போக காத்தோட அழுத்தம் கொறையும், அழுத்தம் கொறஞ்சா தண்ணி கொறஞ்ச சூட்டுலயே கொதிச்சிடும், சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொறையும்னு வச்சுக்கலாம். போர்டுல 1500ஐ 300ஆல வகுக்கச் சொன்னேன். 5. நூறுல அஞ்சு போனா? கிளாஸே கத்துச்சு.

இதுல பாருங்க, வீடியோ சொன்னது தப்பில்ல, எங்க வச்சு அளந்ததுன்னு மட்டும் சொல்லல. நாலு வருஷமா அதே வீடியோவ ஓட்டியிருக்கேன், எங்க ஊருக்கு அந்தக் கணக்கு பொருந்தாதுன்னு எனக்கு ஒரு தடவ கூட தோணல. அதுதான் உறுத்துச்சு.

வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்த சத்துணவு அக்கா சொன்னாங்க, "அதாங்க டீச்சர், கொண்டைக்கடலை இங்க வேகவே மாட்டேங்குது, எங்க அக்கா வீட்டுல சேலத்துல இந்த நேரத்துக்கு எறக்கி வச்சிருப்பாங்க"ன்னு. உடனே ஒரு பையன், "எங்க ஆயா மொச்சை வேகலன்னு அடுப்பத் திட்டும் மிஸ்." பாவம் அடுப்பு என்ன பண்ணும், கொதிக்கிற தண்ணியே 95தான், எவ்ளோ வெறகு வச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. குக்கர் எதுக்குன்னு தனியா பாடம் நடத்த வேண்டிய வேலையே இல்லாம போச்சு.

ஃபெட்ட போட்டேன், மூலக்கூறு சூடேறி ஒண்ண ஒண்ணு உதறிட்டுப் பறக்கிறது நல்லா தெரிஞ்சுது, ஆனா வெளிய இருக்கிற காத்தோட அழுத்தத்த கொறச்சுக் காட்ட அதுல வழி இல்ல, அத சாக்பீஸ்லதான் வரைஞ்சேன். மேல இருந்து அமுக்குற கை மாதிரி ஒரு படம். கை மாதிரி வரல, பலாப்பழம் மாதிரி இருந்துச்சுன்னு சிரிச்சாங்க.

அடுத்த நாள்தான் போன் விஷயம். ஜெர்மனியில ஆஹன் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணின ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப், இதுவும் ஃப்ரீ, போன்ல இருக்கிற சென்சார வச்சு சத்தம், வேகம், அழுத்தம்னு அளக்கும். அழுத்தம் எல்லா போன்லயும் வராது, அந்த சென்சார் இல்லனா அந்த வரி மங்கலா இருக்கும். என் போன்ல இல்ல. என் வீட்டுக்காரர் போன்ல இருந்துச்சு, ஒரு நாளைக்கு மட்டும்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன். அஸ்தம்பட்டில பஸ் ஏறும்போது காத்தோட அழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கல் பக்கம். வளைவுக்கு வளைவு கோடு கீழ எறங்குது. கண்டக்டர் எட்டிப் பாத்து, "என்னங்க டீச்சர், பங்கு மார்க்கெட்டா, இப்படி எறங்குது?" மேல போய்ச் சேந்தப்போ 850 கிட்ட. காது அடைக்கறதும் இந்த அழுத்தம் மாறறதாலதானே, நடுவுல என் காது 'டப்'னு தொறந்த எடத்த நேரத்தோட குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அந்த கிராஃப சுவத்துல போட்டேன். ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டாவது பெஞ்ச் பொண்ணுதான் எழுந்து, "மிஸ், இந்தக் கோடு நம்ம ரோடு"ன்னா. பஸ் அடிவாரத்துல டீக்கு நின்ன நேரம் கோடு படுத்துக் கெடந்துச்சு, அதையும் அவதான் கண்டுபிடிச்சா. என் வாத்தியார் வாழ்க்கையில இந்த மாதிரி வாக்கியம் வருஷத்துக்கு ஒண்ணு கெடச்சா பெருசு.

எல்லாமே இப்படி அமையும்னு நெனச்சுடாதீங்க. கூகுள் எர்த்த ஒரு நாள் என் போன் நெட்ல சேலத்துலயே தொறந்து படமா எடுத்துட்டு வந்து காட்டினேன், மலையோட சரிவு சொல்லிக் குடுக்கலாம்னு. பீரியட் முழுக்க "எங்க வீட்ட காட்டுங்க மிஸ்"தான், காப்பித் தோட்டத்து மரத்துக்கு அடியில எந்த வீடும் தெரியல, ஒருத்தன் அழுதே போட்டான்.

கடைசியா இது. அந்த ரெண்டாவது பெஞ்ச் பொண்ணு லீவுக்கு கீழ சேலத்துல கன்னங்குறிச்சியில சித்தி வீட்டுக்குப் போறேன், தெர்மாமீட்டர் குடுங்க மிஸ்னு கேட்டா. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல வர்ற பொருள், ஒடஞ்சா நான்தான் பதில் சொல்லணும், இருந்தாலும் துண்டுல சுத்திக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை பத்திரமா திரும்பி வந்துச்சு, மோந்து பாத்தா இஞ்சி வாசனை. ரஃப் நோட்டுல 99னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டிருந்தா.

"தண்ணியா அளந்தியா?"

"இல்ல மிஸ், சும்மா தண்ணிய கொதிக்க வச்சா கேஸ் வேஸ்ட்டுனு சித்தி விடல. டீயிலதான் விட்டேன். பால் ஊத்துறதுக்கு முன்னாடி. டீன்னா கணக்கு மாறுமா மிஸ்?"

நாளைக்கு ஸ்டவ்வ எடுக்கணும். டீத்தூள் வாங்கிட்டுப் போகணும், சத்துணவு அக்கா தர மாட்டாங்க.