ருபிஜி ஆற்றங்கரையில் ஒரு காவல் கொட்டில்

வன்னியின் மல்லாவியில் எங்கள் வயலுக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு மண் அணையும் அதன் மேல் ஓடும் மின்சார வேலியும் மாத்திரமே உண்டு. இறுதிப் போரின் இடப்பெயர்வுக்குப் பின்னர் நாங்கள் மீளக் குடியேறியபோது வளவுக்குள் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. கிணற்றடியில் யானை இலத்தி கிடந்தது. அன்றிலிருந்து காலபோக நெல் கதிர் முற்றும் மார்கழி, தை மாத இரவுகளில், வயல் நடுவே பரணில் போட்ட காவல் கொட்டிலில் முதலில் என் கணவரும் பின்னர் என் மகனும் கண்விழித்திருக்க, யானைகளை விரட்டக் கொளுத்தும் யானை வெடிகளின் சத்தத்தை எண்ணியபடி நான் வீட்டில் விழித்திருந்தேன். இப்போது நோர்வேயில் தொழில் பார்க்கும் அந்த மகன்தான் கடந்த ஆண்டு தொலைபேசியில் சொன்னான்: "ஆனையைப் பயமில்லாமல் ஒருக்காப் பார்க்க வேணும் எண்டு எத்தனை தரம் சொல்லியிருப்பியள் அம்மா. இந்த ஆவணிக்கு ஆபிரிக்காவுக்குப் போவம்."

தன்சானியா என்றதும் பெரும்பாலானோர் செரங்கெட்டியையே நினைப்பார்கள். நாங்கள் தெற்கே உள்ள நியெரெரே தேசியப் பூங்காவைத் தெரிந்தெடுத்தோம். அங்கே வாகனத்தில் மட்டுமன்றி, படகிலும், துப்பாக்கி ஏந்திய காவலரோடு கால்நடையாகவும் காட்டைப் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். மகன் அனுப்பிய படமொன்றில் ஏரிக்கரை முழுவதும் பனை மரங்கள் நின்றது மற்றக் காரணம்; என்னைப் பொறுத்தவரை அதுவே போதுமானதாக இருந்தது.

வன்னியில் என் வயதுடைய எவருக்கும் மலேரியாக் காய்ச்சல் எப்படியிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்திருக்கிறது. அந்த நிலையைக் காப்பதற்காக, ஆபிரிக்கா செல்வோருக்கு மலேரியாத் தடுப்பு இயக்கத்தினர் தடுப்புக் குளிசைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்ததும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று, பயணம் போக எண்ணும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பயணியின் இரத்தத்தில் திரும்பி வரும் கிருமி நம் குளக்கரை நுளம்புக்குப் போதும்.

தாருஸ்ஸலாமிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்து, காட்டின் நடுவே செம்மண் ஓடுபாதையில் இறங்கினோம். இந்தப் பூங்காவின் பரப்பு 30,893 சதுர கிலோமீற்றர். நம் வடமாகாணம் முழுவதையும் மூன்று தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். 2019 வரை இது செலூஸ் வனவிலங்கு ஒதுக்கிடத்தின் வடபகுதியாக இருந்தது. தன்சானியாவின் முதலாவது சனாதிபதி யூலியஸ் நியெரெரேயின் பெயர் அதன் பின்னரே இதற்கு வந்தது. ருபிஜி ஆறு பூங்காவின் ஊடாக ஓடி, வெள்ளக் காலங்களில் தடம் மாறி மாறி விட்டுச்சென்ற பள்ளங்களே இன்று ஏரிகளாகத் தொடுத்துக் கிடக்கின்றன. மழையற்ற மாதங்களில் சுற்றிலும் புல் காய்ந்துவிட, விலங்குகள் எல்லாம் இந்த ஏரிகளை நோக்கி இறங்கி வருகின்றன. சோளகக் காற்றில் வற்றிப்போகும் வவுனிக்குளத்து அலைகரையை அறிந்த எனக்கு, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பனைகள் நம் பனைகள் அல்ல. ஓலை ஒன்றுதான், நுங்குக் குலையும் ஏறத்தாழ ஒன்றுதான்; ஆனால் வளர்ந்த மரத்தின் நடுத்தண்டு வயிறு வைத்ததுபோல் பருத்திருக்கிறது. நம் பனைக்கு மிக நெருங்கிய ஆபிரிக்க இனம் அது. பழம் விழும் காலத்தில் யானைகள் அதை விழுங்கி, கொட்டையை வேறோரிடத்தில் இலத்தியோடு இட்டுச் செல்வதால் காட்டில் பனை பரவுகிறது என்று வழிகாட்டி விளக்கினார். தங்குமிடத்துக்குச் செல்லும் வழியில் மன்னாரில் நாம் பெருக்கமரம் என்று சொல்லும் மரம் நின்றது. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாக மன்னாரில் கதை சொல்வார்கள். அங்கே அது யாரும் நடாமல் தானாக முளைத்து நிற்பதைக் கண்டபோது, தூரத்து உறவினர் ஒருவரின் சொந்த வீட்டுக்கு முதன்முறை போனதுபோல் இருந்தது.

இரண்டாம் நாள் காலை, என்செரக்கேரா என்னும் ஏரியின் கரையில் யானைக் கூட்டத்தைக் கண்டோம். பதினொன்றை எண்ணினேன். மூத்த பெண் யானை முன்னே வர, குட்டிகளை நடுவில் விட்டு மற்றவை அணைந்து நடந்தன. வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். என் கை தானாகவே இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. காதுகள் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தன. வெடி எதுவும் கேட்கவில்லை. மூத்த யானை எங்களை ஒருமுறை பார்த்து, அந்தப் பெரிய காதுகளை விரித்து மடித்து, பின்னர் எங்களைப் பொருட்படுத்தாமல் தண்ணீரில் இறங்கியது. நம் நாட்டில் ஆண் யானைகளிலும் நூற்றுக்கு ஏழு அளவுக்கே தந்தம் உண்டு; இங்கே பெண் யானைகளுக்கும் தந்தம் இருந்தது. துதிக்கை நுனியில் நம் யானைக்கு ஒரு விரல் போன்ற முனைதான், இவற்றுக்கு இரண்டு. முப்பது ஆண்டுகள் விஞ்ஞான பாடம் படிப்பித்தும் இந்த வேறுபாட்டை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டது அன்றுதான். அரை மணி நேரம் ஒரு யானைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. குட்டி ஒன்று தண்ணீரில் சறுக்கி விழ, இரண்டு பெரியவை ஓடி வந்து தூக்கி நிறுத்தின. மகன் என் பக்கம் திரும்பாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டான்.

சுவாகிலி மொழியில் யானைக்கு 'தெம்போ' என்று பெயர். அதே சொல் கள்ளையும் குறிக்கும். பனையும் யானையும் கலந்து வாழும் ஊரிலிருந்து போன எங்களுக்கு அந்தச் சொல் ஒரே நாளில் பாடமாகிவிட்டது.

மற்ற விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவற்றின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படகில் போனபோது நீர்யானைகளும் முதலைகளும் ஏராளம். ஒட்டகச்சிவிங்கிகள் ருபிஜியின் வடகரையில் மட்டுமே வாழ்கின்றன; ஆற்றின் தெற்கே அவை இல்லை. காட்டுநாய்க் கூட்டமொன்றை மாலையில் கண்டோம். உலகில் அருகிவரும் இந்த இனத்துக்கு மிஞ்சியிருக்கும் பெரிய புகலிடங்களில் இதுவும் ஒன்று. சிங்கம் ஒன்று நிழலில் உறங்கியது, அவ்வளவுதான்.

பூங்காவின் கிழக்கு வாயிலுக்கு வெளியே இம்லோகா என்னும் கிராமம் இருக்கிறது. மூன்றாம் நாள் பிற்பகல் அங்கே போனோம். பூங்காவுக்குள் கண்ட எதையும்விட அந்தக் கிராமத்தின் வயல் வரம்பில் கண்ட ஒன்றுதான் என்னை நிறுத்தி வைத்தது. சோளத் தோட்டமொன்றின் நடுவே, நான்கு மரக்கால்களின் மேல், ஓலைக் கூரையுடன் ஒரு பரண் நின்றது. அதற்கு அங்கே 'டுங்கு' என்று பெயர். ஏறுவதற்குத் தடி ஏணி, கீழே அணைந்துபோன தீயின் சாம்பல், ஓரத்தில் தட்டி ஒலியெழுப்பும் பழைய தகரம். எங்கள் கொட்டிலிலும் இதே தகரம் தொங்குகிறது. எங்களுடையது எண்ணெய்த் தகரம், அவ்வளவே வித்தியாசம்.

அந்தத் தோட்டத்துப் பெண்மணிக்கு என் வயது இருக்கும். வழிகாட்டி மொழிபெயர்க்க, இரவில் என்ன வரும் என்று கேட்டேன். முதலில் பன்றி என்றார், பிறகு யானை என்றார், சற்றுப் பொறுத்துச் சிங்கம் என்றார். 1990 தொடக்கம் 2004 வரை தன்சானியாவில் சிங்கங்கள் 563 பேரைக் கொன்றதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட தென்கிழக்கு மாவட்டங்களில் ருபிஜியும் அடங்கும். அதன் காரணத்தை அறிந்தபோது என் உடல் சிலிர்த்தது. மான், வரிக்குதிரை போன்ற இரை குறைந்த இடங்களில் காட்டுப்பன்றிகள் மிஞ்சுகின்றன. அவை பயிரைத் தேடி வருகின்றன. பயிரைக் காக்க மனிதர்கள் தோட்டத்தில் உறங்குகிறார்கள். பன்றியைத் தொடர்ந்து வரும் சிங்கம் அங்கே மனிதரைக் காண்கிறது. நாங்கள் காவல் கொட்டிலில் அஞ்சுவது யானைக்கும் பாம்புக்கும்தான். அந்தப் பெண்மணி சிங்கத்துக்கும் அஞ்சியபடி அதே தூக்கத்தை இழந்திருக்கிறார். யானை வெடி இங்கே தருவார்களா என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையசைத்து, தோட்டத்தின் ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார். அரைத்த மிளகாயையும் பழைய இயந்திர எண்ணெயையும் கலந்து, அதில் தோய்த்த துணித் துண்டுகளைக் கயிற்றில் இடைக்கிடை முடிந்திருந்தார்கள். யானையின் மோப்பம் கூர்மையானதாதலால் அந்த நெடி அதற்குப் பிடிப்பதில்லை. மழை பெய்தால் மீண்டும் தோய்க்க வேண்டும் என்றும், எல்லா யானைக்கும் இது சரிவராது என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். வேலியின் நீளத்தையும் முடிச்சுகளின் இடைவெளியையும் நான் அடியால் அளந்து குறித்துக்கொண்டேன்.

செலூசில் 1976 அளவில் ஏறத்தாழ 109,000 யானைகள் இருந்தன; 2013 இல் சுமார் 13,000 தான் எஞ்சின. தந்தத்துக்காக நடந்த வேட்டையே காரணம். 1982 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 2014 இல் ஆபத்துக்குள்ளான தலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரிக்கரையில் நான் எண்ணிய பதினொன்றும் அந்த வேட்டைக்குத் தப்பியவற்றின் வழிவந்தவை.

அங்கிருந்து சன்சிபாருக்குப் போனோம். ஓய்வெடுக்கும் தீவு என்றே மகன் சொல்லியிருந்தான். கடலின் நிறமும் வெண்மணலும் உண்மையிலேயே கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் யானை எங்களை அங்கேயும் விட்டுவிடவில்லை. கல் நகர் எனப்படும் பழைய பகுதியின் ஒடுங்கிய தெருக்களில், பித்தளைக் குமிழ்கள் பதித்த கனத்த மரக்கதவுகளைப் பார்த்தபடி நடந்து, பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்துக்கு வந்தோம். 1873 இல் அந்தச் சந்தை மூடப்பட்டு, அதே நிலத்தில் தேவாலயம் எழுப்பப்பட்டது. உள்நாட்டில் பிடிக்கப்பட்ட மனிதர்களும் கொல்லப்பட்ட யானைகளின் தந்தமும் வணிகக் கூட்டங்களோடு ஒரே பாதையில் கடற்கரைக்கு வந்து, இந்தத் தீவில் விலைப்பட்டன. முற்றத்தில் ஒரு குழிக்குள், கழுத்தில் சங்கிலியுடன் மனிதர்கள் சிலைகளாக நிற்கிறார்கள். அங்கே நெடுநேரம் பேச்சில்லாமல் நின்றேன். ஒல்லாந்தர் காலத்தில் நம் வன்னியின் சிற்றரசர்களான வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினார்கள். அவை கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குள் நடத்தப்பட்ட இடம்தான் ஆனையிறவு என்று சிறுவயதில் படித்தது நினைவுக்கு வந்தது.

தீவின் நடுவே ஜோசானிக் காடு இருக்கிறது. சன்சிபாரில் மட்டுமே வாழும் சிவப்புக் கொலொபசுக் குரங்குகளை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தோம். செம்முதுகும் தலையைச் சுற்றிய வெள்ளை மயிருமாக, கிழவர்களைப் போலக் கிளையில் அமர்ந்து இலை மென்றன. இலைகளில் உள்ள நச்சுப் பொருட்களைச் சமாளிக்க அவை அடுப்புக்கரியும் தின்கின்றனவாம். தென்னங்குரும்பைகளைத் தின்று விளைச்சலைக் கெடுக்கின்றன என்று தோட்டக்காரர்கள் அவற்றை வெறுத்தார்கள். 'நஞ்சுக் குரங்கு' என்றே உள்ளூர்ப் பெயரும் உண்டு. இரண்டு ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணிப் பார்த்து, குரங்கு குரும்பைகளைத் தின்ற தோட்டங்களில் விளைச்சல் குறையவில்லை, மாறாகச் சற்றுக் கூடியே இருந்தது என்று 1999 இல் எழுதினார்கள். மேலதிகக் குரும்பைகள் குறைய, எஞ்சியவை நன்றாக முற்றியிருக்கலாம். நட்டம் என்று நாம் உறுதியாக நம்புவதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எனினும் யானை மிதித்த வயலில் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி இரண்டு நாட்களும் கிழக்குக் கரையில், பாஜே என்னும் ஊரில். வற்றுக் காலத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்க, பெண்கள் முழங்கால் நீரில் இறங்கி, முளைகளுக்கிடையே கட்டிய கயிறுகளில் கடற்பாசி முடிகிறார்கள். நம் வலைப்பாட்டுக் கரையிலும் பெண்கள் இதே தொழிலைச் செய்கிறார்கள். கடல் சூடாகி வருவதால் விலை கூடிய பாசி இனம் நோயில் அழிகிறது என்று ஒருவர் சொன்னார். மகன் நீந்தப் போனான். நான் அந்தப் பெண்களோடு கரையில் இருந்தேன்.

ஊர் திரும்பி, இரத்தப் பரிசோதனை முடித்த மறுநாளே அயல் வயல்காரர் வந்துவிட்டார். "என்ன ரீச்சர், அங்கத்தை ஆனை எங்கடையைவிடப் பெரிசோ?" என்று தொடங்கியவர், மிளகாய்க் கயிற்றின் கதையைக் கேட்டதும் அமைதியாகி, என் குறிப்புக் கொப்பியை வாங்கி இருமுறை படித்தார். எங்கள் வளவில் காய்ந்த செத்தல் மிளகாய் இருந்தது. பழைய எண்ணெயை அவர் உழவு இயந்திரத்திலிருந்து எடுத்துவந்தார். மின்சார வேலி அறுந்து கிடக்கும் வடக்கு மூலையில் முப்பது யார் நீளத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறோம். விதைப்பு முடிந்துவிட்டது; மழையும் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் துணிகளைத் தோய்ப்பது என் பொறுப்பு. கதிர் முற்ற இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.