முதலில் தண்ணீரா, யூரியாவா?

வேளாண்மைத் துறையில் களப்பணிக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் போட்டது திருத்துறைப்பூண்டி பக்கம், காவிரியின் கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. மழை விட்டு வரப்பில் நடந்தால் செருப்போடு ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும், அப்படியொரு களி. தண்ணீரையே கீழே விடாத மண்ணில் உரம் எங்கே போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நெல் போட்டிருந்த ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நீங்க சொன்ன தேதிக்குத்தான் மேலுரம் போட்டேன், பயிரு மஞ்சளாவே நிக்குது" என்றார். மேலுரம் என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் பயிருக்கு இடையில் போடும் உரம், இங்கே யூரியா. போய்ப் பார்த்தேன். முறைத் தண்ணீர், அதாவது முறைவைத்து வாய்க்காலில் விடும் தண்ணீர், தள்ளிப்போனதில் வயல் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது, அந்த வெடிப்பு மேலேயே யூரியாவை வீசியிருக்கிறார், அன்று ராத்திரியே தண்ணீரும் வந்துவிட்டது. கரைந்த யூரியா களியில் ஒட்டாது, தண்ணீரோடு வெடிப்பு வழியாக வேருக்குக் கீழே இறங்கிவிடும். முன்பு போட்ட உரத்தில் மிஞ்சியதும் தப்பவில்லை. மண் காய்ந்து காற்று புகுந்தால் அந்த உரத்திலிருந்து வந்த அமோனியம், நைட்ரேட் என்ற வேறு பொருளாக மாறும், மறுபடி தண்ணீர் நின்றதும் பாக்டீரியா அதை வாயுவாக்கிப் பறக்கவிடும். இப்போது வரும் யூரியா வேப்பெண்ணெய் பூசியதுதான், ஆனால் அது இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நான் தேதி மட்டும் சொன்னேன், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வயலில் நேர்மாறு. பாசி படர்ந்த தேங்கிய தண்ணீரில் நல்ல வெயில் நேரத்தில் தூவியிருந்தார்கள். பாசி வெயிலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, தண்ணீரின் கார அமிலநிலை (pH) மத்தியானத்தில் 9-ஐக்கூடத் தாண்டும், அவ்வளவு காரத்தில் யூரியாவிலிருந்து வரும் அமோனியா அப்படியே ஆவியாகும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்தே (நைட்ரஜன்) 20 கிலோ சொச்சம்தான், அதில் பயிருக்கு எவ்வளவு போயிருக்கும் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர் கட்டி வெடிப்பை மூடவிட்டு, சேறு தெரியும்படி வடித்து, சாயங்காலமாக யூரியாவை ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கோடு 5:4:1 என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்ததைப் போட்டு, அப்புறம் மெல்லத் தண்ணீர் விடலாம். இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். "கடைமடையில வந்த தண்ணிய வடிக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான்!"

அவர் சொன்னதும் நியாயம்தான். காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டுவது, மடை நம் கையில் இருந்தால்தான் நடக்கும். கடைசியில், வடிக்க வேண்டாம், தண்ணீர் தானாகச் சுண்டி மயிரிழை வெடிப்பு விடுவதற்குள் போடுங்கள், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள் என்று பேசி முடித்தோம். இப்போதெல்லாம் மேலுரம் எப்போது என்று யாராவது கேட்டால், உங்களுக்கு முறை என்றைக்கு என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.